பெரியமேளமும் பெண்களும்: மகளிர் சுவிங் இசைக்குழுக்களின் வரலாற்றினூடாக அளவெட்டி மரபை நோக்கல்

அளவெட்டி என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்து இசையன்பரின் நினைவுக்கு வருவோர் இருவர். ஒருவர் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003), மற்றவர் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975). இணுவிலிற் பிறந்து அளவெட்டியைத் தம் வாழ்விடமாக்கிக்கொண்ட தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு, தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்து போற்றியதொன்று. கவிஞர் மஹாகவியைத் தந்த ஊரும் இதுவே. எனினும் கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் வீதியிலே திருவிழா இரவுகளிற் கூடிநின்றோரைக் கட்டிநிறுத்தியது மேளமே. சுவாமி வீதியிலே தரித்து நிற்க, இரு நாதஸ்வரமும் இரு தவிலும் ஒத்தும் தாளமுமாக ஒரு சிறு கூட்டம் வாசிக்கும். அதனைச் சுற்றி ஊர் நிற்கும். அவ்வாறு வாசித்தோர் அனைவரும் ஆண்கள்.

இக்கடைசி வாக்கியம் வாசகர் சிலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். மேளகாரர் என்ற சொல்லே ஆணைக் குறிப்பதாக எமது காதிற் பதிந்துவிட்டது. ஆயினும் வரலாற்று மாணவன் ஒருவனுக்கு இயல்பெனத் தோன்றுவனவே முதலில் ஐயத்துக்குரியன. பெண்கள் ஏன் நாதஸ்வரம் ஊதவில்லை, ஏன் தவில் அடிக்கவில்லை என்று கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கும். நாதஸ்வரத்துக்கு வேண்டிய மூச்சு வலுவும் தவிலைத் தோளிற் சுமந்து மணிக்கணக்கில் நிற்கும் உடல் வலுவும் பெண்ணுக்கு இல்லை என்பது ஒன்று. மரபு இடங்கொடுக்கவில்லை என்பது மற்றது. முதலாவது உடலியல் பற்றிய ஒரு கூற்று. அதனை வரலாற்றுச் சான்றுகொண்டு சோதிக்கலாம். இரண்டாவது விடையே அன்று. அதுவே விளக்கம் வேண்டி நிற்கும் பொருள்.

இச்சோதனைக்கு எமக்குக் கைகொடுப்பது, எமது மேளத்தோடு எவ்வித உறவுமற்ற ஒரு மரபாகும். ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் 1930களிலும் 1940களிலும் எழுந்த, முற்றிலும் பெண்களாலான சுவிங் இசைக்குழுக்களையே குறிப்பிடுகின்றேன். ஜாஸ் இசை ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களின் வாழ்விலிருந்து, குறிப்பாக நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவானது. அது 1930களில் நடன மண்டபங்களுக்கேற்பப் பதினான்கு பதினைந்து பேர் கொண்ட பெருங்குழுவாக விரிந்தபோது சுவிங் எனப் பெயர்பெற்றது. ட்றம்பெற், ட்றொம்போன், சாக்சபோன் முதலிய ஊதுகருவிகளே அதன் முதுகெலும்பு. அவற்றைத் தாங்கி நடத்துவது முரசுத் தொகுதி. ஊதுகருவி முன்னிற்க முழவு உடன்நடத்தும் இவ்வமைப்பு, வெளிவீதியிலே உரத்து ஒலிக்கும் எமது பெரியமேளத்தின் அமைப்போடு ஒப்பிடத்தக்கது. ஒப்புமை இவ்வளவே. ஒன்று கோயில் உரிமையோடும் குலத்தோடும் பிணைந்தது. மற்றது நுழைவுச்சீட்டு விற்கும் சந்தையிலே பிறந்து வளர்ந்தது. இவ்வேறுபாடு பின்னர் முக்கியத்துவம் பெறும்.

சுவிங் இசை எமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. போர்வீரர்க்காக இலங்கையிலிருந்து ஒலிபரப்பப்பட்ட வானொலியில் அவ்விசை ஒலித்தது. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள பலாலி விமானத்தளமும் அப்போரின் தேவைக்கு அமைக்கப்பட்டதே. பிற்காலத்தில், 1963இல், டியூக் எலிங்ரனின் புகழ்பெற்ற குழு அமெரிக்க அரசின் ஆதரவிலே இலங்கைக்கும் வந்து வாசித்தது. அதில் வாத்தியம் வாசித்தோர் எல்லாரும் ஆண்கள். அமெரிக்கா தன் இசையின் முகமாக உலகுக்கு அனுப்பியது அத்தகைய குழுக்களையே.

ஜாஸ் இசையிற் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை என்பதன்று. பாடகியாக நிற்கலாம், பியானோ முன் அமரலாம். கிங் ஒலிவரின் குழுவில் 1923இல் லூயி ஆம்ஸ்ட்றோங்குடன் இசைத்தட்டுப் பதிவு செய்த லில் ஹார்டின் பியானோக் கலைஞரே. பியானோ நடுத்தர வர்க்க வீட்டின் வரவேற்பறைக் கருவி; இருந்தபடி வாசிக்கலாம்; முகம் கோணாது; கன்னம் உப்பாது. எமது சமூகத்தில் வீணை பெற்ற இடமும் இதுவே. வீணை தனம்மாள் (1867–1938) போன்ற மேதையை எமது இசையுலகம் தலைவணங்கி ஏற்றது. ஆனால் அவருக்கு உரியதெனக் கொள்ளப்பட்ட கருவி அறையினுள்ளே மெல்லென ஒலிக்கும் தந்திக்கருவி. ஊதுவதும் அறைவதும் வெளிக்குரியன, வெளி ஆணுக்குரியது. மூச்சுவலு பற்றிய வாதம் இவ்வெல்லைக்கோட்டின் மேற் போர்த்த ஆடை என்றே எனக்குப் படுகின்றது. அரிவாளோடும் நீர்க்குடத்தோடும் வயலிலும் வீட்டிலும் நாள்முழுதும் உழைத்த பெண்களின் உடல்வலுவை யாழ்ப்பாணத்தார் ஒருபோதும் ஐயுற்றதில்லை.

இந்த எல்லைக்கோட்டை மீறியவையே மகளிர் குழுக்கள். ஐனா றே ஹற்றனின் 'மெலோடியர்ஸ்' 1934இல் தோன்றி 1939வரை இயங்கியது. பில் ஸ்பிற்றல்னி என்ற ஆணின் தலைமையில் ஒரு மகளிர் குழு வானொலியிற் புகழ்பெற்றது. இங்கிலாந்திலே சாக்சபோன் கலைஞர் ஐவி பென்சன் (1913–1993) அமைத்த குழு 1943இல் பி.பி.சி.யின் நிலைய நடனக்குழுக்களுள் ஒன்றாயிற்று. ஆண் வாத்தியக்காரர் இதனை எதிர்த்தனர், அதுவும் போர்க்காலத்தில்.

இக்குழுக்கள் எவ்வாறு நோக்கப்பட்டன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 'டவுன் பீற்' என்ற அமெரிக்க இசைச் சஞ்சிகை 1938இல், பெண் வாத்தியக்காரர் ஏன் தரத்திற் குறைந்தவர் என்பதை 'விளக்கும்' பெயரில்லாக் கட்டுரையொன்றை வெளியிட்டது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் குழுவொன்றை நடத்திவந்த சாக்சபோன் கலைஞர் பெகி கில்பேட் அதற்கு அதே ஏட்டில் மறுப்பு எழுதினார். பெண் கலைஞர் வாசிக்கும்போது புன்னகை செய்யவேண்டும், கவர்ச்சியாக உடுத்தவேண்டும் என்று கேட்போரே, பின்னர் அவர் வாசிப்பில் கவனமில்லை என்கின்றனர் என்பது அக்காலப் பெண் கலைஞரின் பொதுவான முறைப்பாடு. ட்றம்பெற்றை உதட்டிற் பொருத்தியபடி புன்னகை செய்யவியலாது என்பதை அக்கருவியைக் கையிலெடுத்த எவரும் அறிவர். சீவாளியை வாயிற் கவ்விய நாதஸ்வர வித்துவானிடம் எவரும் சிரிப்பைக் கேட்டதில்லை.

இக்குழுக்களுள் வரலாற்று மாணவர் நின்று நோக்கவேண்டியது 'சர்வதேசச் சுவீற்ஹாட்ஸ் ஒஃப் றிதம்' என்பது. இது பிறந்த இடம் நடன மண்டபமன்று, பாடசாலை. மிஸிஸிப்பி மாநிலத்தில் வறிய கறுப்பினப் பிள்ளைகளுக்காக லோறன்ஸ் ஜோன்ஸ் என்பவர் நடத்திய பைனி வூட்ஸ் பள்ளியில் 1937ஆம் ஆண்டளவில் இக்குழு அமைக்கப்பட்டது. பள்ளிக்கு நிதி திரட்டுவதே நோக்கம். பதின்ம வயதுச் சிறுமிகள் ஊரூராகச் சென்று வாசித்துத் திரட்டிய பணம் பள்ளியின் பேணுகைக்குப் போயிற்று. 1941இல் குழு பள்ளியோடு உறவை முறித்துக்கொண்டு தொழில்முறைக் குழுவாயிற்று. அன்னா மே வின்பேண் முன்னின்று நடத்த, ரைனி டேவிஸ் ட்றம்பெற்றும், வை பேண்சைட் சாக்சபோனும், போலின் பிறடி முரசும் வாசித்தனர். எடி டறம், ஜெஸி ஸ்ரோண் போன்ற தேர்ந்த இசையமைப்பாளர் அவர்களைப் பயிற்றினர். ஹார்லெமின் அப்பொலோ அரங்கிலும் வாஷிங்ரனின் ஹவாட் அரங்கிலும் கறுப்பின இரசிகர் அவர்களைக் கொண்டாடினர். வெள்ளையர் பத்திரிகைகளோ பெரும்பாலும் அவர்கள் இருப்பதையே அறியாதனபோல இருந்தன.

பெயரிலுள்ள 'சர்வதேசம்' வெறும் விளம்பரமன்று. கறுப்பினப் பெண்களோடு, சீன, மெக்சிக்க, அமெரிக்கப் பழங்குடி வழிவந்த பெண்களும் அதிலிருந்தனர். 1943 தொடக்கம் வெள்ளையினப் பெண்களும் சேர்ந்தனர். தென் மாநிலங்களில் இது சட்டத்துக்கு அறைகூவலாகும். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதையும், ஒரே விடுதியில் உறங்குவதையும், ஒரே மேசையில் உண்பதையும் அங்கிருந்த நிறப்பாகுபாட்டுச் சட்டங்களும் வழமைகளும் தடுத்தன. எனவே வெள்ளையினப் பெண்கள் தம் முகத்துக்குக் கருமை பூசி மேடையேறினர். உணவகங்கள் அனுமதி மறுத்தமையால் குழுவினர் தம் பேருந்திலேயே உண்டு உறங்கினர். வெள்ளையர் கறுப்பு மை பூசிக் கறுப்பரைக் கேலிசெய்து நடிப்பது அமெரிக்க மேடையின் நெடுங்கால வழக்கம். அதே மை இங்கே ஒற்றுமைக்குக் கவசமாயிற்று. இத்தகைய முரண்களை வரலாறு அடிக்கடி தருவதில்லை. 1945இல் ஐரோப்பாவிலிருந்த கறுப்பினப் போர்வீரர்கள் இக்குழுவைக் கடிதங்கள்மூலம் வேண்டிக் கேட்க, அவர்கள் பிரான்சிலும் ஜேர்மனியிலும் பல மாதங்கள் வாசித்துத் திரும்பினர்.

இக்குழுக்கள் எழுந்த காரணம் போரே எனச் சுருக்கமாகக் கூறுவோர் உளர். அது அரைகுறை உண்மை. மெலோடியர்ஸ் குழுவும் பைனி வூட்ஸ் சிறுமியரும் போருக்கு முன்னரே வாசிக்கத் தொடங்கிவிட்டனர். போர் செய்தது வேறொன்று: ஆண் வாத்தியக்காரர் படைக்குச் சென்றமையால் மண்டபங்கள் வெறுமையாயின, வெறுமையை நிரப்ப மகளிர் குழுக்கள் அழைக்கப்பட்டன. ஆண்கள் திரும்பியதும் இவர்கள் 'பதிலாள்கள்' எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டனர். சுவீற்ஹாட்ஸ் குழு 1949இற் கலைந்தது. ஆயினும் நியாயமாகக் கூறவேண்டியதொன்றுண்டு. போர் முடிந்தபின் பெருங்குழு என்ற அமைப்பே சரிந்தது. நடன மண்டபங்கள் மூடப்பட்டன. பதினைந்து பேருக்கு ஊதியம் கொடுக்கும் வலு எவருக்கும் இருக்கவில்லை. ஆண்களின் குழுக்களும் கலைந்தன. வேறுபாடு யாதெனில், அவ்வாண்கள் சிறு குழுக்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் இடம்பெற்றனர். பெண்களுட் பலர் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினர்.

அவர்களை வரலாறு மறந்தமைக்கும் பொருளியற் காரணம் உண்டு. ஜாஸ் வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டுக்களை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டது. சுவீற்ஹாட்ஸ் குழு உச்சத்தில் நின்ற ஆண்டுகளிலே, 1942 தொடக்கம் 1944 வரை, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கெதிராக வேலைநிறுத்தம் செய்தது. பதிவு பெரும்பாலும் நின்றிருந்தது. பின்னரும் சில தட்டுக்களே அவர்களுக்குக் கிடைத்தன. தட்டில் இல்லாதது நடக்காதது என்றாயிற்று. 1980இல் கன்சாஸ் நகரில் நடந்த மகளிர் ஜாஸ் விழாவிலே முதிய வயதில் அவர்கள் மீண்டும் ஒன்றுகூடிய பின்னரே ஆய்வாளர் அவர்களைத் தேடிச்சென்று பேசவைத்தனர். 1983இல் டி. அன்ரொய்னெற் ஹண்டி அக்குழுவைப் பற்றித் தனி நூல் எழுதினார்; 1986இல் ஓர் ஆவணப்படம் வந்தது; 2000ஆம் ஆண்டில் ஷெரி ரக்கர் போர்க்கால மகளிர் குழுக்கள் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். ரக்கரின் ஆய்வு வாத்தியக்காரப் பெண்களின் வாய்மொழி மீதே கட்டப்பட்டது என்பது எமது கவனத்துக்குரியது.

இனி எமது நிலத்துக்கு வருவோம். தமிழரின் மேளமரபிலே பெரியமேளம், சின்னமேளம் என்ற பாகுபாடு உண்டு. நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். நட்டுவனார், பாட்டு, மத்தளம், முகவீணை அல்லது கிளாரினெற் ஆகியவற்றோடு பெண்கள் ஆடிய சதிர் சின்னமேளம். அளவை வைத்து இப்பெயர்கள் எழுந்தன என்று சொல்லப்படினும், அவை ஆண்-பெண் பாகுபாட்டோடு பொருந்தி நிற்பது வெளிப்படை. ஆணின் மூச்சும் கையும் பெரிது; பெண்ணின் உடலும் குரலும் சிறிது. இரண்டும் ஒரே சமூகத்துக் குடும்பங்களிலே வாழ்ந்தன என்பதையும், அப்பெண்கள் தாளமும் இராகமும் கற்றுத் தேர்ந்தவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வாசிக்க அறியாமையால் அவர்கள் வாசியாதிருந்தனர் என்பது பொருந்தாது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தமிழ்நாட்டிலிருந்து சின்னமேளங்கள் வரவழைக்கப்பட்டன. அவற்றைக் காண இரவிரவாகக் கூட்டம் கூடும். இதற்கெதிராக முதலிற் கடுங்குரல் எழுப்பியோருள் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் பெண்களின் நடனத்தை அவர் கண்டித்தமை நன்கறியப்பட்டது. தமிழ்நாட்டிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) ஆகியோரின் போராட்டத்தின் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அம்முறையின் கொடுமையை அதிலே பிறந்து வளர்ந்தவராகிய இராமாமிர்தம் அம்மையாரே எழுதினார். அச்சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. நாவலரின் நோக்கமும் இவ்விரு பெண்மணிகளின் நோக்கமும் ஒன்றல்ல என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது. நாவலர் கோயிலின் தூய்மையைக் கருதினார்; இவர்கள் பெண்ணின் விடுதலையைக் கருதினர்.

ஆயினும் சீர்திருத்தத்தின் விளைவு இருபாலார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. சமூகவியலாளர் அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், சீர்திருத்தத்தால் அச்சமூகத்துப் பெண்கள் தொழிலையும் வருவாயையும் சொத்துரிமைச் சிறப்பையும் இழக்க, பெரியமேளத்து ஆண்கள் புதிய மதிப்பைப் பெற்றனர் என்று காட்டினார். ரி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதஸ்வரத்துக்குக் கச்சேரி மேடையில் ஈட்டிய கண்ணியமும் இக்காலத்ததே. சாதிப் படிநிலையிலே இழிவுபடுத்தப்பட்ட ஒரு கலைஞர் குலம் தலைநிமிர்ந்த வரலாறு அது. அதனைக் குறைத்து மதிப்பிடல் தவறு. யாழ்ப்பாணத்திலும் மேளகாரர் நிலவுடைமையாளரின் தயவிலே வாழ்ந்து, சால்வையை இடுப்பிற் கட்டி நிற்கப் பணிக்கப்பட்ட காலம் இருந்தது. ஆனால் அத்தலைநிமிர்வு ஆண்களின் தலைநிமிர்வாகவே நிகழ்ந்தது.

எமது வரலாற்றில் முற்றிலும் பெண்களாலான குழுக்களே தோன்றவில்லையோவெனின், தோன்றின. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகக் குழு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புகழோடு விளங்கியது. ஆண் வேடத்தையும் பெண்களே தாங்கினர். அந்நாடகம் காண வருவோர்க்காக விடப்பட்ட புகைவண்டிக்கு மக்கள் அவர் பெயரையே இட்டு வழங்கினர் என்பர். ஈழத்திலே பின்னாளில் வி. வி. வைரமுத்து போன்றோர் வளர்த்த இசைநாடக அரங்கிற் பெண் வேடத்தை ஆண்கள் தாங்கியமையை இதனோடு வைத்து எண்ணுக. தோற்கருவியிலே திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் (1910–1998) புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று மேடையேறினார். நாதஸ்வரத்திலே மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வாசிக்குமளவுக்கு உயர்ந்தார். முதற் பெண் நாதஸ்வரக் கலைஞர் என அவர் போற்றப்படுகிறார். மூச்சுவலு வாதத்துக்கு இவர் ஒருவரே போதிய மறுப்பு.

பொன்னுத்தாயின் வாழ்வு வேறொன்றையும் புலப்படுத்துகின்றது. கணவர் மறைந்தபின் அவரை மங்கல நிகழ்ச்சிகளுக்கு அழைப்பது நின்றது. நாதஸ்வரம் மங்கல வாத்தியம். கைம்பெண் அமங்கலம் எனக் கொள்ளப்பட்டவள். மனைவியை இழந்த நாதஸ்வர வித்துவானை எந்தத் திருமண வீட்டாரும் அக்காரணம் பற்றி விலக்கியதில்லை. பல ஆண்டு வறுமையின் பின் 2012இல் அவர் காலமானார். அவரைத் தடுத்தது கருவியுமன்று, உடலுமன்று, குருவுமன்று. மங்கலம் என்ற கருத்தே தடுத்தது. நாள்தோறும் பூசைக்கு வாசிக்கவேண்டிய கோயில் மேளத்திலே மாதவிலக்குப் பற்றிய தீட்டு விதியும் இவ்வாறே இயங்கும். உரிமையோடு கோயிலிற் பணிசெய்யும் ஒருவர் மாதத்திற் சில நாள் வாசலுக்கு வரக்கூடாதெனின், அவ்வுரிமை அவருக்குக் கொடுபடாது.

மேலே குறித்த வேறுபாடு இங்கேதான் பயன்படுகின்றது. அமெரிக்காவிற் போர் மகளிர் குழுக்களுக்குக் கதவு திறந்தது. யாழ்ப்பாணமும் 1983 தொடக்கம் 2009 வரை நெடும்போரைக் கண்டது. ஆண்கள் இறந்தனர், சிறைப்பட்டனர், நாடுவிட்டகன்றனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அளவெட்டியின் மேளகாரக் குடும்பங்களும் சிதறின. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எழுந்த கோயில்களுக்குக் கலைஞர் சென்றனர். பெண்கள் குடும்பத் தலைவராயினர், அதுகாறும் செய்யாத தொழில்களைச் செய்தனர், ஆயுதமும் ஏந்தினர். எனினும் கோயில் வாசலிலே தவிலோடு நிற்கும் பெண் வழக்கமானதொரு காட்சியாகவில்லை.

ஏன்? நடன மண்டபத்துக்கு வேண்டியது வாசிக்கத் தெரிந்த கை. அதன் உரிமையாளர் ஆணைத் தேடினார். கிடையாதபோது பெண்ணை அமர்த்தினார். ஆண் வந்ததும் அவளை நீக்கினார். சந்தை இரக்கமற்றது, ஆயின் அதற்குத் தீட்டுத் தெரியாது. கோயில் மேளமோ விலைக்கு வாங்கும் உழைப்பு மட்டுமன்று. உரிமை, முறை, மானியம், குலம் ஆகியவற்றாற் கட்டப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கும், குருவிடமிருந்து அவர் வீட்டிலே தங்கிப் பயிலும் சீடனுக்கும் அது செல்கின்றது. ஆள் குறைந்தபோது வேறூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ இன்னொரு ஆண் வரவழைக்கப்பட்டார். வீட்டுக்குள்ளே இருந்த பெண் கணக்கில் வரவில்லை. இந்த அமைப்பிற் பெண்ணுக்கு இடமேயில்லை என்பதுமன்று. மேளகாரக் குடும்பங்கள் தமக்குள்ளே மணஞ்செய்து கொண்டன. அளவெட்டி, இணுவில், கோண்டாவில், சாவகச்சேரி என ஊர்விட்டு ஊர் கலை பரவியது பெரும்பாலும் பெண்கொடுத்துப் பெண்ணெடுத்த உறவின் வழியே. மரபைக் கடத்தும் பாதையாகப் பெண் இருந்தாள். பாதையில் நடப்பவளாக இருக்கவில்லை.

இதனை வலுப்படுத்தும் மறுதலைச் சான்று எமது பாடசாலைகளில் உண்டு. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள உடுவிலிலே அமெரிக்க மிஷனரிமார் 1824இற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினர். சேர். பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்தார். அவ்வளவில் 1960இற் தொடங்கிய இசைக் கழகம் 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. வாய்ப்பாட்டும் நடனமும் வீணையும் வயலினும் நூற்றுக்கணக்கான பெண்களின் கைக்கு வந்தன. நிறுவனக் கல்வி குலத்தின் பிடியைத் தளர்த்தியதற்கு இது நல்ல சான்று. ஆயினும் என் கருத்தைக் கவர்வது வேறொரு காட்சி. எமது மகளிர் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டி நாட்களிலே மாணவியர் சீருடையணிந்து பான்ட் வாத்தியம் இசைத்து அணிவகுத்து வருவர். பெரிய முரசை நெஞ்சோடு கட்டிச் சுமந்து, கொளுத்தும் வெயிலில் மைதானத்தைச் சுற்றிவருவாள் பதினைந்து வயதுச் சிறுமி. பெற்றோர் பெருமையோடு பார்த்திருப்பர். உடல்வலு பற்றி அங்கே எவரும் பேசுவதில்லை. அதே சிறுமி அதே ஊர்க் கோயில் வீதியிலே, பலாமரத்துத் தவிலைத் தோளிற் கொளுவி, வலக்கை விரல்களிற் கூடு மாட்டி, இடக்கையிற் கழியேந்தி நின்றாலோ? மேல்நாட்டு முரசுக்குச் சாதியில்லை, தீட்டில்லை, மங்கலமுமில்லை. ஆதலாற் பெண்ணுக்கு அது தடையாகவில்லை. பைனி வூட்ஸ் பள்ளியைப் போலவே இங்கும் முரசு பெண்ணின் கைக்கு வந்தது பாடசாலையின் வழியாகவே என்பது தற்செயலன்று.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாற்றம் மெல்ல நிகழ்கின்றது. விக்கு விநாயகராமின் மாணவியாகிய கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால் 1990களிற் பெங்களூரிலே மகளிர் மட்டும் பங்குகொள்ளும் தாளவாத்தியக் குழுவொன்றை அமைத்தார். நாதஸ்வரத்திலே ஷேக் மெஹபூப் சுபானியும் அவர் துணைவியார் காலீஷாபி மெஹபூப்பும் இணைந்து வாசித்து 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதைச் சேர்ந்தே பெற்றனர். ஆந்திர முஸ்லிம் நாதஸ்வரக் குடும்பங்களின் வழிவந்த இவர்கள் கோயில்களிலும் வாசிப்பது, குலமும் சமயமும் பற்றி எமக்குச் சொல்லப்பட்ட பலவற்றை மறுபரிசீலனை செய்யத் தூண்டும்.

தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு ஒலிநாடாக்களில் எஞ்சியிருக்கின்றது; அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படமும் உண்டு. அளவெட்டியிலும் இணுவிலிலும் மேளகார வீடுகளிற் பிறந்து, மேளகார வீடுகளுக்கு மருமகளாகப் போன பெண்களின் நினைவுகளுக்கு அவ்வாறு ஒலிநாடா இல்லை. இன்று அவர்கள் முதியவர். பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். சுவீற்ஹாட்ஸ் குழுவினரைத் தேடிச்சென்றோர் செய்ததுபோல, பதிவுக்கருவியோடு இவர்களிடம் செல்லும் பணியை எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளலாம். சீவாளிக்கு நாணல் பதப்படுத்தியது யார், விடியற்காலைச் சாதகத்தின்போது அடுப்படியிலிருந்து பிழை திருத்தியது யார், எந்த வயதோடு பெண்பிள்ளை கருவியருகே செல்வது தடுக்கப்பட்டது, வீட்டில் ஆண்கள் இல்லாத பகற்பொழுதிலே உறையிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்து ஊதிப்பார்த்ததுண்டா என்பன கேட்கப்படவேண்டிய வினாக்கள்.